முதல் தடவை தனியா வெளிநாடு, முதுகுல ஒரே ஒரு பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முதல் தடவை தனியா கிளம்பினப்ப எனக்கு 18 முடிஞ்சு ரெண்டு மாசம். அதுக்கப்புறம் பல தடவை போயாச்சு. தெரிஞ்ச பசங்க, அவங்க ஃப்ரெண்ட்ஸ், அவங்க அம்மா அப்பான்னு ஆளாளுக்கு வந்து கேக்குறாங்க, பாத்தா எல்லாம் அதே இருபது கேள்விதான், சரி ஒரே இடத்துல எழுதி வச்சிடுவோம்னு உக்காந்தேன். பசங்க கேட்டதுக்கு நீ வா போன்னும், பெத்தவங்க கேட்டதுக்கு நீங்கன்னும் பதில் இருக்கும், கலந்து கலந்து வரும், கண்டுக்காதீங்க.

அக்கா, எத்தனை வயசுல தனியா போகலாம்?

சட்டம் ஒண்ணு சொல்லும், ஏர்லைன்ஸ் ஒண்ணு சொல்லும், ஹாஸ்டல் (பயணிங்க ஒரு பொது ரூம்ல கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்குற இடம்) ஒண்ணு சொல்லும். மூணும் ஒத்துப்போகணும், அதுதான் சிக்கலே. சில ஏர்லைன்ஸ் 12 வயசுக்கு மேல இருந்தா தனியா ஏத்திக்கும், சிலது 14, சிலது 16ன்னு வச்சிருக்கு. ஆனா ஹாஸ்டல்ல நிறைய இடத்துல பொது ரூம்ல 18க்கு கீழ இருந்தா படுக்க விடமாட்டாங்க. அதாவது ஃபிளைட் உன்னை ஏத்திக்கிட்டுப் போய் எறக்கிவிட்டுரும், படுக்கத்தான் இடம் கிடைக்காது. அதனால 16, 17ல இருக்கிறவங்க டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே தங்குற இடத்துக்கு மெயில் போட்டு "எனக்கு இத்தனை வயசு, தனியா வர்றேன், விடுவீங்களா"ன்னு கேட்டு, அவங்க சரின்னு போட்ட பதிலை சேவ் பண்ணி வச்சுக்கணும். போன்ல கேட்டா பத்தாது. ராத்திரி ஷிஃப்ட்ல நிக்கிற ஆளுக்கு பகல்ல உன்கிட்ட போன்ல பேசினது யாருன்னே தெரியாது.

வயசை விட முக்கியமா நான் பாக்குறது ஒண்ணு இருக்கு. உன் சொந்த ஊர்லயே தனியா ஒரு நாள் டாக்டர்கிட்ட போய் வந்திருக்கியா, பேங்க்ல ஒரு வேலைய முடிச்சிருக்கியா, ராத்திரி பஸ்ல தனியா போய் எறங்கியிருக்கியா? மூணுக்கும் இல்லைன்னா முதல்ல அதைப் பண்ணு, வெளிநாடு எங்கயும் ஓடிடாது.

18 ஆகல. என்ன பேப்பர் எல்லாம் கையில இருக்கணும்?

அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட சம்மதக் கடிதம். அதுல உன் பேர், பாஸ்போர்ட் நம்பர், எந்த நாடு, எந்த தேதியிலருந்து எந்த தேதி வரைக்கும், எங்க தங்குற, அவங்க போன் நம்பர், இவ்ளோதான். நோட்டரி கையெழுத்து வாங்கிட்டா நல்லது, சில நாடு கண்டிப்பா கேக்கும். ஒருத்தர் மட்டும்தான் இருக்காங்கன்னா, இல்ல பிரிஞ்சு இருக்காங்கன்னா அதுக்கான கோர்ட் பேப்பர், இறப்புச் சான்றிதழ், எது பொருந்துமோ அதோட காப்பி. கூடவே பிறப்புச் சான்றிதழ் காப்பியும், ஏன்னா கடிதத்துல கையெழுத்து போட்டவங்கதான் உன்னைப் பெத்தவங்கன்னு எதை வச்சு நம்புவாங்க?

எல்லை தாண்டும்போது யாருமே கேக்காமலும் விட்டுடலாம். கேட்டு, இல்லைன்னா, அடுத்த ஃபிளைட்ல திருப்பி அனுப்புவாங்க.

வீட்ல எப்படி சம்மதிக்க வைக்கிறது?

அழுது அடம் பிடிச்சு சம்மதம் வாங்கினா, போன பிறகு தினம் மூணு போன், ஒவ்வொண்ணுலயும் ஒரு பயம். அது வேண்டாம். அவங்க பயம் எதைப் பத்தின்னு முதல்ல கேளு. நான் கேட்டப்ப எங்க அம்மாவுக்கு கடத்தல், கொலைன்னெல்லாம் பயம் இல்ல, "உடம்பு முடியாம படுத்தா பக்கத்துல யாரு தண்ணி குடுப்பா"ங்கிறதுதான் பயமே. அதுக்குப் பதில் என்கிட்ட இருந்துச்சு. இன்சூரன்ஸ் பேப்பர், தங்குற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி அட்ரஸ், ரெண்டையும் எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டினேன். அப்பா வேற, அவருக்கு காசு கணக்கு. அவர்கிட்ட ஒரு தாள்ல போக்குவரத்து, தங்குறது, சாப்பாடு, அவசரத்துக்குன்னு தனியா தொடாம வைக்கிறதுன்னு எழுதிக் குடுத்தேன். ரெண்டு பேரோட பயமும் ஒண்ணு இல்ல, அதனால ஒரே பதிலை ரெண்டு பேருக்கும் சொல்லாத.

முதல் டிரிப்புக்கு எந்த நாடு?

பேர் சொல்லமாட்டேன், உன் பாஸ்போர்ட் எதுங்கிறதைப் பொறுத்து விசா கதை முழுசா மாறும். ஆனா பாக்க வேண்டியது நாலு விஷயம்: நேரடி ஃபிளைட் இருக்கா, விசா சுலபமா, உனக்குத் தெரிஞ்ச ஒரு மொழி அங்க ஓரளவு செல்லுமா, ராத்திரியிலும் ஓடுற பஸ்ஸோ ரயிலோ இருக்கா. இதுல நாலாவதை யாரும் பாக்குறதில்ல, எனக்கு அதுதான் முதல்ல.

அப்புறம் ஒண்ணு. ரெண்டு வாரத்துல ஏழு ஊர்னு பிளான் போட்டுக்கிட்டு வர்றாங்க பசங்க. ஐரோப்பால ஒரே பாஸை வச்சுப் பல நாட்டு ரயில்ல ஏறுற இன்டர்ரெயில் பாஸ் 1972லயே வந்துடுச்சு, அப்ப 21 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்குன்னே ஆரம்பிச்சது, இப்ப 27 வரைக்கும் இளைஞர் விலை உண்டு, ஐரோப்பாவுக்கு வெளியில இருக்கிறவங்களுக்கு யூரெயில்னு தனி பாஸ். பாஸ் கையில இருக்கேன்னு தினம் ஒரு ரயில் ஏறுவாங்க. நாலாவது நாள் ரயில் ஜன்னல்ல தலை முட்டித் தூங்கிட்டு இருப்பாங்க, எந்த ஊரும் ஞாபகம் இருக்காது. ரெண்டு வாரத்துக்கு மூணு ஊர் போதும். நிஜமா.

பாஸ்போர்ட், விசால என்ன கவனிக்கணும்?

பாஸ்போர்ட் முடியுற தேதி. நிறைய நாடு நீ உள்ள நுழையுற நாள்லருந்து ஆறு மாசமாவது செல்லுபடியா இருக்கணும்னு கேக்கும். ஷெங்கன் நாடுகள்ல (ஒரே விசால போய் வர்ற மாதிரி சேர்ந்திருக்கிற ஐரோப்பிய நாடுகள்) கணக்கு வேற: நீ அங்கருந்து கிளம்புற தேதிக்கு அப்புறம் மூணு மாசம் இருக்கணும், பாஸ்போர்ட் வாங்கி பத்து வருஷத்துக்குள்ள இருக்கணும். சின்ன வயசுல எடுத்த பாஸ்போர்ட் சீக்கிரம் முடியும், பல நாட்டுல பிள்ளைங்களுக்கு அஞ்சு வருஷம்தான் குடுப்பாங்க, அதனால உன் வயசுக்காரங்கதான் இதுல அதிகமா மாட்டுறது. ரெண்டு மூணு வெத்துப் பக்கமும் இருக்கணும்.

ஷெங்கன்ல தங்குறது எந்த 180 நாள் எடுத்தாலும் அதுல 90 நாள்தான், நாட்டுக்கு 90 இல்ல, மொத்தமா சேத்து. விசா எடுத்துப் போறவங்களுக்கு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸும் கேப்பாங்க. 18க்குக் கீழன்னா விசா ஃபார்ம்ல பெத்தவங்க கையெழுத்தும் வேணும்.

வழியில ஃபிளைட் மாறுற நாட்டுக்கும் டிரான்சிட் விசா வேணுமான்னு பாரு. இதை மறந்துட்டு ஏர்போர்ட் கவுன்டர்லயே நின்னு அழுதவங்களைப் பாத்திருக்கேன்.

இமிக்ரேஷன்ல என்ன கேப்பாங்க? பயமா இருக்கு.

எதுக்கு வந்த, எத்தனை நாள், எங்க தங்குற, திரும்பிப் போற டிக்கெட் எங்க, காசு எவ்ளோ இருக்கு. அஞ்சுதான். பதிலும் அஞ்சு வாக்கியம்தான். "டூரிசம், பன்னெண்டு நாள், இந்த ஹாஸ்டல், இது ரிட்டர்ன் டிக்கெட், காசு இவ்ளோ." நிறுத்திக்கோ. பயத்துல சும்மா பேசிக்கிட்டே போறவங்கதான் மாட்டிக்கிறாங்க, "ஒரு ஃப்ரெண்டுக்கு கடையில கொஞ்சம் ஹெல்ப் பண்ணுவேன்"னு வாய்தவறி சொன்னா, டூரிஸ்ட் விசால வேலை பாக்க வந்தியான்னு ஆரம்பிப்பாங்க. ஹாஸ்டல் அட்ரஸை தாள்ல பிரின்ட் எடுத்து வச்சுக்கோ, அங்க வைஃபை கிடைக்கும்னு நம்பாத.

முதல் நாள் ராத்திரிக்கு மட்டும் ஏன் அவ்ளோ சொல்றீங்க?

ஏன்னா நான் மாட்டினது அங்கதான். என் ஃபிளைட் எறங்குனது 14ஆம் தேதி, ராத்திரி 12.40. நான் ஹாஸ்டல் புக் பண்ணதும் 14ஆம் தேதிக்கு. பாத்தா சரியாத்தானே இருக்கு? இல்ல. 14ஆம் தேதி பெட்டுன்னா 14 மதியம் ரெண்டு மணிக்கு மேல குடுக்கிற பெட்டு. நான் புக் பண்ணிருக்க வேண்டியது 13ஆம் தேதி ராத்திரிக்கு. ரெண்டு மணிக்கு கதவு பெல்லை அழுத்துறேன், ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்தான், கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்கு காட்டி 14ங்கிற கட்டத்து மேல விரலை வச்சு ரெண்டு தட்டு தட்டினான். பேச்சே இல்ல. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. பெட்டு எல்லாம் ஃபுல். பாவம் பாத்து கீழ இருந்த சோஃபால உக்கார விட்டான், பை வாரை கால்ல சுத்திக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன், போன்ல சார்ஜ் 9 சதவீதம்.

அதோட முடியல. காலைல ஆறு மணிக்கு ஏதாவது சாப்பிடலாம்னு ஏடிஎம் போனேன். எனக்குப் பழக்கமான மெஷின்ல கார்டு முதல்ல வெளிய வரும், அப்புறம் காசு. அந்த மெஷின்ல காசு முதல்ல வந்துச்சு, கார்டு அப்புறம். காசை எடுத்துக்கிட்டு திரும்பி நடந்துட்டேன். ஒரு தெரு தாண்டினப்புறம்தான் உறைச்சது, ஓடிவந்து பாத்தா மெஷின் கார்டை உள்ள இழுத்துக்கிச்சு. நல்லா தூங்கி எந்திரிச்சிருந்தா அந்த தப்பு நடந்தே இருக்காது, அது எனக்கு நல்லாவே தெரியும்.

அதனால என் ரூல் இது: திருடனுக்கு பயப்படுறதை விட தூக்கம் கெட்ட தலைக்கு அதிகமா பயப்படு. முதல் டிரிப்ல பசங்க சொல்ற நஷ்டக் கதை எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன், தப்பான டாக்ஸி, தொலைஞ்ச பை, தப்பான பஸ், கூடக் குடுத்த காசு, முக்கால்வாசி எறங்கின முதல் நாள்ல நடந்தது. முதல் ராத்திரியை மட்டும் கல்லுல செதுக்கின மாதிரி பிளான் பண்ணு: முடிஞ்சா பகல்ல எறங்குற ஃபிளைட், ஏர்போர்ட்லருந்து எந்த பஸ் எந்த ஸ்டாப், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ரிசப்ஷன் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், தேதி சரியா. ரெண்டாவது நாள்லருந்து எப்படி வேணா சுத்திக்கோ.

ஹாஸ்டல்னா படிக்கிற பசங்க தங்குற இடமா? பாதுகாப்பா?

பெரியவங்க நிறைய பேர் இதைத்தான் கேக்குறீங்க. இது அந்த ஹாஸ்டல் இல்லைங்க. ஒரு ரூம்ல நாலு, ஆறு, சில இடத்துல இருபது மேல்-கீழ் கட்டில் இருக்கும், நாம ரூமை எடுக்கல, ஒரு கட்டிலைத்தான் வாடகைக்கு எடுக்குறோம். இந்த யோசனை வந்ததே பள்ளிக்கூடப் பிள்ளைங்களாலதான். ஜெர்மனில ரிச்சர்ட் ஷிர்மான்னு ஒரு வாத்தியார், 1909ல பசங்களைக் கூட்டிக்கிட்டு நடைப்பயணம் போனப்ப புயல்ல மாட்டி ஒரு பள்ளிக்கூடத்துல ராத்திரி தங்கினாரு, லீவுல சும்மா கிடக்குற கட்டிடத்துல இப்படி பசங்களைத் தங்க வச்சா என்னன்னு அப்ப தோணுச்சாம், 1912ல ஆல்டேனாங்கிற ஊர் கோட்டைல நிரந்தர ஹாஸ்டலே திறந்துட்டாரு. உங்க பிள்ளை வயசுக்காரங்களுக்காகவே உண்டான இடம்தான்.

எடுக்கும்போது ரிவ்யூவைப் படிங்க, ஸ்டாரை எண்ணாதீங்க. "பார்ட்டி சூப்பர்"னு பத்து பேர் எழுதியிருந்தா அங்க தூக்கம் கிடையாதுன்னு அர்த்தம். லாக்கர் இருக்கா, ராத்திரி முழுக்க ரிசப்ஷன்ல ஆள் இருக்கா, பொண்ணுங்களுக்கு மட்டும்னு தனி ரூம் இருக்கா, இது மூணும் பாத்தா போதும்.

டார்ம்ல, அதான் அந்தப் பொது ரூம்ல, எப்படி நடந்துக்கணும்?

சொந்தப் பூட்டு எடுத்துட்டுப் போ, நிறைய இடத்துல லாக்கர் குடுப்பாங்க, பூட்டு நீதான் போடணும். நம்பர் பூட்டா இருந்தா சாவி தொலையாது. காதுக்கு அடைப்பான், கண்ணுக்கு மறைப்பு, இது ரெண்டும் ஆடம்பரம் இல்ல. கீழ்க் கட்டில் கிடைச்சா விடாத, மேல ஏறுனா ராத்திரி பாத்ரூம் போறதுக்கு கட்டில் முழுக்க கிறீச்னு கத்தும்.

விடியக்காலம் பஸ் பிடிக்கணும்னா பையை முந்தின ராத்திரியே கட்டி வச்சுடு. பிளாஸ்டிக் கவர்ல துணி போட்டு அடுக்குறவங்க இருக்காங்களே, காலைல நாலு மணிக்கு சரக் சரக்னு அந்த சத்தம், ஒரு ரூமே எந்திரிச்சு உன்னை மனசுக்குள்ள திட்டும். துணிப் பையில அடுக்கு. கட்டில்ல உக்காருறதுக்கு முன்னாடி மெத்தையோட ஓரத் தையலைத் தூக்கிப் பாரு, கறுப்பா மிளகுப் பொடி தூவின மாதிரி புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சி, பையைத் தரையில கூட வைக்காம போய் வேற ரூம் கேளு. சங்கடப்படாத, அவங்களுக்கே தெரியவேண்டிய விஷயம் அது.

பை எவ்வளவு பெருசு இருக்கணும்?

40 லிட்டர். அதுக்கு மேல வாங்கினா அதை ரொப்புறதுக்குன்னே சாமான் தேடுவ. நிறைய ஏர்லைன்ஸ் கையில கொண்டுபோற பைக்கு 7 கிலோன்னு வரம்பு வச்சிருக்கு, அந்த 7 கிலோல அடக்கிட்டா லக்கேஜ் காசும் மிச்சம், பை வேற ஊருக்குப் போயிடுமோங்கிற பயமும் இல்ல. நாலு நாள் துணி போதும், மத்தது துவைச்சுக்கோ. பெல்ட்டு இடுப்பு எலும்பு மேல உக்காரணும், வயித்து மேல இல்ல, பாரம் தோள்ல இல்லாம இடுப்புல எறங்கணும். வாங்குற கடையிலயே உள்ள ஏதாவது கனமா போட்டு பத்து நிமிஷம் நடந்து பாரு. அப்புறம் கிளம்புறதுக்கு முந்தின வாரம் முழு மூட்டையையும் மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நட. திரும்பி வந்ததும் நீயே மூணு சாமானை வெளிய எடுத்து வைப்ப.

எதை எடுத்துட்டுப் போகக்கூடாது?

பவர் பேங்க் எப்பவும் கைப்பையில, செக்-இன் பண்ற பையில போட்டா எடுத்துடுவாங்க. 100 வாட்-ஹவர் (பேட்டரி எவ்ளோ மின்சக்தி பிடிக்கும்ங்கிற கணக்கு) வரைக்கும் தனி அனுமதி தேவையில்ல. 20,000 எம்ஏஹெச்னா 3.7 வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுத்துப் பாரு, 74 வாட்-ஹவர்தான் வரும், கவலையில்ல. மேல எழுதியிருக்கிற எழுத்து அழிஞ்சு போனதைக் கொண்டுபோகாத, எத்தனைன்னு தெரியலைன்னா வாங்கி வச்சுக்கிறாங்க. 2025லருந்து நிறைய ஏர்லைன்ஸ் பறக்கும்போது அதுல சார்ஜ் போடவே விடுறதில்ல. கைப்பையில திரவம் எல்லாம் பெரும்பாலான ஏர்போர்ட்ல 100 மில்லிக்குள்ள.

மருந்து விஷயம்தான் பசங்களுக்குத் தெரியாது. உன் ஊர்ல டாக்டரே எழுதிக் குடுத்த மாத்திரை இன்னொரு நாட்டுல போதைப்பொருள் லிஸ்ட்ல இருக்கலாம். ஜப்பான்ல ஆம்ஃபெட்டமைன் கலந்த கவனக்குறைபாட்டு மாத்திரையை சீட்டு இருந்தாக்கூட உள்ள கொண்டுபோக முடியாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் சில நாட்டுல முன் அனுமதி வேணும். மாத்திரை அதோட அட்டையிலயே இருக்கணும், டாக்டர் சீட்டு கூட இருக்கணும், போற நாட்டு தூதரக பக்கத்துல ஒரு தடவை பாத்துடு. வேப், அதான் இ-சிகரெட், வச்சிருக்கியா? அம்மாகிட்ட சொல்லமாட்டேன், ஆனா சிங்கப்பூர்ல அதைக் கையில வச்சிருந்தாலே குத்தம், தாய்லாந்துலயும் உள்ள கொண்டுபோகத் தடை. வீட்டுலயே விட்டுடு.

யாராவது "இதை அங்க என் சொந்தக்காரங்ககிட்ட குடுத்துடு"ன்னு பார்சல் நீட்டினா, எவ்ளோ பாவமா கேட்டாலும் முடியாதுன்னு சொல்லு. உன் பையில இருக்கிறது உன்னோடது, அவ்ளோதான் அதிகாரிக்குத் தெரியும்.

காசு எப்படி கொண்டுபோறது?

ரெண்டு கார்டு, ரெண்டு வெவ்வேற பேங்க், ரெண்டு வெவ்வேற இடம். ஒண்ணு பர்ஸ்ல, இன்னொண்ணு பெரிய பைக்குள்ள அடியில. மேல சொன்ன கதைல என்னைக் காப்பாத்தினது பைக்குள்ள சாக்ஸ்ல சுருட்டி வச்சிருந்த ரெண்டாவது கார்டுதான். வெளிநாட்டுல கார்டு வேலை செய்யுறதுக்கு பேங்க் ஆப்புல ஆன் பண்ணிட்டியான்னு பாரு. ஓடிபி எந்த நம்பருக்கு வரும், அந்த சிம் போன்ல இருக்குமா, அதையும் யோசி, இதுல சிக்காத ஆளே இல்ல.

அப்புறம் மெஷின்ல ஒரு தந்திரம். காசு எடுக்கும்போது, கடைல கார்டு தேய்க்கும்போது, "உங்க ஊர் காசுலயே கணக்கு போடட்டுமா"ன்னு ரொம்ப அன்பா கேக்கும், பெரிய பச்சை பட்டன்ல. வேண்டாம்னு அழுத்து. அந்த நாட்டு காசுலயே எடு. உன் ஊர் காசுல போட்டா அவன் வச்சதுதான் ரேட், அதுல நல்லா ஏத்தி வச்சிருப்பான்.

ரொக்கம் கொஞ்சம் இருக்கட்டும், முதல் நாள் செலவுக்கும், கார்டு எதுவும் வேலை செய்யாத ஒரு நாளுக்கும்.

போன், நெட்?

ஈசிம் (கார்டு போடாம டவுன்லோட் பண்ணிக்கிற சிம்) போன்ல ஏறுமான்னு பாத்துட்டு, கிளம்புறதுக்கு முன்னாடியே வைஃபைல டவுன்லோட் பண்ணிடு, எறங்கினதும் ஆன் பண்ணா போதும். ஊரோட மேப்பை ஆஃப்லைன்ல எறக்கி வை. முக்கியமான மூணு நம்பரைத் தாள்ல எழுதி வை, போன் செத்துட்டா அம்மா நம்பர் கூட நமக்கு மனப்பாடமா தெரியாதுங்கிறது அப்பதான் தெரியும். ஐரோப்பிய யூனியன் நாடு எல்லாத்துலயும் அவசர நம்பர் 112. வேற நாட்டுலயும் மொபைல்லருந்து 112 அடிச்சா பெரும்பாலும் அங்கிருக்கிற அவசர நம்பருக்கே போகும், ஆனாலும் போற நாட்டு நம்பரைத் தெரிஞ்சு வச்சுக்கோ.

பொண்ணு தனியா போறா, நாங்க என்ன தைரியத்துல அனுப்புறது?

நானும் பொண்ணுதாங்க, அதனால சும்மா "எல்லாம் சரியாகும்"னு சொல்லமாட்டேன். தொந்தரவு இருக்கு. ஆனா அது பெரும்பாலும் இருட்டுச் சந்துல வர்றதில்ல, நல்லா சிரிச்சுப் பேசி, "எந்த ஹாஸ்டல்ல இருக்க, எத்தனை நாள்"னு ரெண்டாவது நிமிஷத்துல கேக்குற ஆளாத்தான் வரும். அதுக்கு பதில் தயாரா இருக்கணும்: "ஃப்ரெண்ட்ஸ் கூட வந்திருக்கேன், இப்ப வந்துடுவாங்க." பொய்தான். சொல்லச் சொல்லுங்க. நம்ம பொண்ணுங்களுக்கு மரியாதையா பேசணும்னு சொல்லிக் குடுத்த அளவுக்கு, பதில் சொல்லாம எந்திரிச்சுப் போறதுக்கு நாம சொல்லிக் குடுக்கல. அதைத்தான் வீட்லயே பழக்கணும்.

இருட்டினப்புறம் எறங்குற மாதிரி பஸ், ரயில் வேண்டாம். டாக்ஸின்னா ஆப்புல வண்டி நம்பர் பாத்து, டிரைவரை "யாரைக் கூப்பிட வந்தீங்க"ன்னு கேட்டு அவரே பேர் சொன்னப்புறம் ஏறணும், நாமளா பேரைச் சொல்லிடக்கூடாது. சானிட்டரி பேட் தேவைக்கு மேலயே எடுத்துட்டுப் போகட்டும், எல்லா ஊர்லயும் எல்லா நேரத்துலயும் கிடைக்காது.

எப்படி எல்லாம் ஏமாத்துவாங்க?

நாட்டுக்கு நாடு வேஷம்தான் வேற. "நீ போற இடம் இன்னைக்கு லீவு, நான் வேற நல்ல இடம் காட்டுறேன்"ங்கிறவன், கையில கயிறு கட்டிவிட்டு காசு கேக்குறவன், மேல எதையோ கொட்டிட்டு துடைச்சுவிடுற மாதிரி பர்ஸை எடுக்கிறவன், சாதா டிரெஸ்ல வந்து நான் போலீஸ், பர்ஸைக் காட்டுங்கிறவன். எல்லாத்துலயும் ஒரே அடையாளம்: நீ கூப்பிடல, அவனா வர்றான், அவசரப்படுத்துறான். நீ வழி கேக்கணும்னா நீயா போய் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துக் கேளு, அது எவ்வளவோ மேல்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

வேண்டாம். லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா இன்சூரன்ஸ் ஒரு பைசா குடுக்காது. உலகம் முழுக்க 5 வயசுலருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பாஸ்போர்ட்டை அடமானமா கேக்குற வாடகைக் கடைக்கு எதுக்காகவும் போகாத.

பாஸ்போர்ட் தொலைஞ்சா?

முதல்ல உக்காரு. தண்ணி குடி. பையை முழுசா கொட்டித் தேடு, பாதி நேரம் அங்கதான் இருக்கும். நிஜமாவே இல்லைன்னா போலீஸ்ல புகார் குடுத்து காப்பி வாங்கு, அப்புறம் உன் நாட்டுத் தூதரகம், அவங்க அவசரப் பயணப் பத்திரம் தருவாங்க. அதுக்கு பாஸ்போர்ட் காப்பி, ரெண்டு போட்டோ கையில இருந்தா வேலை பாதி முடிஞ்சுது, அதனால காப்பி ஒண்ணு பைல, ஒண்ணு மெயில்ல, ஒண்ணு வீட்ல. தொலைஞ்சதுன்னு எழுதிக் குடுத்தப்புறம் பழசு கிடைச்சாலும் அதை வச்சுப் பயணம் பண்ணாத, அதை ரத்து பண்ணிருப்பாங்க, இன்டர்போல் லிஸ்ட்லயும் நம்பர் ஏறியிருக்கும், எல்லைல நிறுத்துவாங்க.

போலீஸ் பிடிச்சா என்ன பண்றது?

குரலை உயர்த்தாத, ஓடாத, காசு நீட்டாத. புரியாத மொழில இருக்கிற பேப்பர்ல கையெழுத்து போடாத. "என் தூதரகத்துக்குத் தகவல் சொல்லணும்"னு கேளு, 1963ல போட்ட வியன்னா தூதரக ஒப்பந்தம் 36ஆம் பிரிவுப்படி அது உனக்கு இருக்கிற உரிமை. தூதரகம் உன்னை வெளிய எடுத்துடாது, ஆனா வந்து பாக்கும், வக்கீல் லிஸ்ட் குடுக்கும், வீட்டுக்குச் சொல்லும்.

உடம்பு சரியில்லைன்னா?

வயிறுதான் முதல்ல போகும். ஓஆர்எஸ் பாக்கெட் நாலு எடுத்துட்டுப் போ. இல்லைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து, கொஞ்சம் கொஞ்சமா குடி. ரத்தம் போனாலோ, காய்ச்சல் கூட வந்தாலோ, ஒரு நாளைக்கு மேல எதுவுமே உள்ள தங்கலைன்னாலோ டாக்டர். நாய், குரங்கு எது கடிச்சாலும், கீறல்தானேன்னு விடாத, 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போ.

சில நாட்டுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு கேப்பாங்க, ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அந்தக் கார்டு செல்லும், அதனால கிளம்புற வாரத்துல போய் நிக்காத. 2016லருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். இன்சூரன்ஸ் கம்பெனி அவசர நம்பருக்கு ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணு, முடியாத நிலைன்னா சேர்ந்த உடனே.

தனியா போர் அடிக்காதா? அழுகை வந்தா?

வரும். எனக்கு மூணாவது நாள் சாயங்காலம் வந்துச்சு, ஒரு பார்க் பெஞ்சுல உக்காந்து காரணமே இல்லாம அழுதேன். முதல் ரெண்டு நாள் புதுசுங்கிற வேகத்துல ஓடிடும், மூணாவது நாள் உடம்பு அசந்துரும், அப்ப மனசும் சேர்ந்து உக்காந்துக்கும். அன்னைக்கு எங்கயும் போகாத. குளி, சூடா ஏதாவது சாப்பிடு, எட்டு மணிக்கே படுத்துடு. ஹாஸ்டல் சமையல் ரூம்ல போய் உக்காந்தா யாராவது பேசுவாங்க, "எங்கருந்து வர்ற, அடுத்து எங்க"ன்னுதான் எல்லாப் பேச்சும் ஆரம்பிக்கும், சலிப்பா இருக்கும், ஆனா அப்படித்தான் ஃப்ரெண்ட்ஸ் கிடைக்கிறாங்க.

தினம் எத்தனை தடவை போன் பண்ணச் சொல்லலாம்?

ஒரு தடவை, ஒரு மெசேஜ், ஒரு நேரம். "இங்க இருக்கேன், நாளைக்கு இங்க போறேன்." போதும்ங்க. லொகேஷன் ஷேரிங் போட்டுக்கோங்க, ஆனா அந்தப் புள்ளி நகரலைன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்காதீங்க, பஸ் டன்னல்ல போனாலே புள்ளி நின்னுடும். போறதுக்கு முன்னாடி ஒண்ணு பேசி முடிவு பண்ணிடுங்க: எத்தனை மணி நேரம் பதில் வரலைன்னா நீங்க ஹாஸ்டலுக்குப் போன் பண்ணுவீங்க, எத்தனை மணி நேரத்துல தூதரகத்துக்குப் பேசுவீங்க. எங்க வீட்ல 12, 24ன்னு வச்சோம். அந்த ரெண்டு நம்பர் இருந்ததாலதான் அம்மா தூங்கினாங்க.

பாதியிலயே திரும்பி வந்துடலாமா?

வரலாம். தேதி மாத்துற வசதி இருக்கிற டிக்கெட்டா எடுத்துக்கோ, கொஞ்சம் கூடக் குடுத்தாலும். ஆனா ராத்திரில அந்த முடிவை எடுக்காத. தூங்கி எந்திரிச்சு, சாப்பிட்டு, அப்புறமும் போகணும்னு தோணுச்சுன்னா டிக்கெட்டை மாத்து, வீட்டுக்குப் போன் பண்ணு, வந்துடு. என்கூட ஒரு ரூம்ல தங்கியிருந்த பொண்ணு ஆறாவது நாள் அப்படித்தான் கிளம்பிப் போனா, அடுத்த வருஷம் வேற ஒரு நாட்டுலருந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பினா, அதே பை, வார் மட்டும் தைச்சிருந்துச்சு.